வகுப்பறைக்கு வரும் சர்வே: கேள்வியைப் பெற்றோர் பார்க்கட்டும், பதிலை யாரும் பார்க்க வேண்டாம்

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கும் குறைவில்லை, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே பி.எட்., எம்.எட்., பிஎச்.டி. என்று ஏதோ ஓர் ஆய்வுக்காகக் கையில் ஒரு கட்டுத் தாளோடு வகுப்பு வாசலில் வந்து நிற்பவர்கள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய முகங்கள். அது போக அரசு எடுக்கும் சர்வே, தொண்டு நிறுவனம் எடுக்கும் சர்வே, 'உங்கள் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு எது' என்று தனியார் கம்பெனி எடுக்கும் சர்வே எல்லாம் உண்டு. சில நேரம் கூகுள் ஃபார்மாக வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே வந்து விழும். 'அனைவரும் இன்று மாலைக்குள் நிரப்பவும்' என்று போட்டிருக்கும். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு வரி இருக்காது.

ஏன் என்று விசாரிக்கும் பெற்றோருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பேர் எழுதச் சொல்லலையே, பிறகு என்ன பயம்?" நம் ஊர்ப் பள்ளிகளில் பேர் எழுதாதது மட்டும் ஏன் போதாது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கல்வியியல் ஆய்வுக்கு வரும் தாளில் இரண்டு பகுதி இருக்கும். பின்பகுதியில் முப்பது நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம். தேர்வு பயம், தன்னம்பிக்கை, கைப்பேசிப் பழக்கம் என்று ஏதாவது ஒரு தலைப்பு. இதில் பெரும்பாலும் வில்லங்கம் இல்லை. வில்லங்கம் முன்பகுதியில் இருக்கிறது. அதற்குத் தனிநபர் தகவல் தாள் என்று பெயர். பெயர் மட்டும் 'விருப்பமிருந்தால்'. அதன் கீழே ஆணா பெண்ணா, வயது, மதம், வகுப்பினம் (அதாவது சாதிப் பிரிவு), அப்பா படிப்பு, அம்மா படிப்பு, அப்பா தொழில், மாத வருமானம், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, எத்தனையாவது பிள்ளை, ஊரா நகரமா என்று வரிசையாக வரும்.

தேர்வு பயத்தைப் பற்றிய ஆய்வுக்குச் சாதி எதற்கு? பல நேரங்களில் காரணமே இருப்பதில்லை. முந்தைய ஆய்வேட்டில் அந்த வரி இருந்தது, இதிலும் இருக்கிறது, அவ்வளவுதான். பிரிவுக்குப் பிரிவு சராசரி வேறுபடுகிறதா என்று ஓர் அட்டவணை போட்டால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் நிறையும். சாதிவாரியாகத் தகவல் திரட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகை யாருக்குப் போய்ச் சேரவில்லை, இடைநிற்றல் எந்தப் பிள்ளைகளிடம் அதிகம் என்று கண்டுபிடிக்க அந்த விவரம் வேண்டும். அப்படியானால் அந்தக் காரணம் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். பழக்கத்துக்காகக் கேட்கப்படும் சாதிக் கேள்வி வேறு ஊரில் எப்படியோ, திருநெல்வேலிச் சீமை வகுப்பறையில் அது நெருப்பு.

நாங்குநேரியை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் வண்ணக் கயிறு கூடாது, நெற்றியில் அடையாளம் கூடாது என்ற பரிந்துரைகள்தான் அதிகம் பேசப்பட்டன. சர்வே விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளவை வேறு. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மறைமுகமாகக்கூடச் சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பில் எல்லார் முன்னாலும் அறிவிக்காமல் தலைமையாசிரியர் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

பதிவேட்டிலேயே இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட விவரத்தை, வெளியாள் ஒருவர் கொண்டுவந்த தாளில் பக்கத்துப் பையன் எட்டிப் பார்க்கும் தூரத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை டிக் அடிக்கிறது. தாள்கள் எப்படித் திரும்பிப் போகின்றன என்பதையும் கவனியுங்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து கைமாறிக் கைமாறி முன்னால் வரும். கிளாஸ் லீடர் வாங்கி அடுக்கி மேசையில் வைப்பான். பெஞ்சு வரிசை கலையாமலே இருக்கும். நடுவே எத்தனை கண்கள்!

அந்தக் கட்டு அதற்குப் பிறகு எங்கே போகிறது என்றும் யாரும் கேட்பதில்லை. ஆய்வு முடிந்ததும் கிழித்துப் போடுவார்களா, வீட்டுப் பரணில் கிடக்குமா, பழைய பேப்பர் கடைக்குப் போகுமா? தாளில் அதைப் பற்றி எதுவும் இருக்காது.

சரி, சாதிக் கேள்வியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள் என்று வையுங்கள். பெண் பிள்ளை, மூன்றாவது குழந்தை, அப்பா வெளிநாட்டில். இந்த மூன்று பதிலுக்கும் பொருந்துகிறவள் அந்த வகுப்பில் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தாளைப் புரட்டும் வகுப்பாசிரியருக்கு அது யார் என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும். போதாததற்குக் கையெழுத்து வேறு. பெரிய நகரத்துப் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் திரட்டும்போது 'பெயரில்லா சர்வே' என்பதற்கு ஓரளவு பொருள் உண்டு. மானூர்ப் பக்கத்திலோ களக்காட்டுப் பக்கத்திலோ ஒரு சின்னப் பள்ளியில் அந்தச் சொல்லை நம்ப முடியாது. பேரே கேட்காமல் ஒரு பிள்ளையை அடையாளம் காட்டிவிடும் தாள் அது.

கேள்வி தயாரித்தவர் நினைத்தது ஒன்று, வீட்டு நிலைமை வேறொன்று என்றும் ஆகும். முக்கூடலில் என் மைனி ஒருத்தி பீடி சுற்றுகிறாள். அவள் மகன் படிக்கும் பள்ளியில் போதைப் பழக்கம் பற்றி ஒரு சர்வே கொடுத்திருக்கிறார்கள். சாயந்திரம் வந்தவனிடம் "எல, என்ன எழுதிக் குடுத்த?" என்று கேட்டிருக்கிறாள். "டிக் அடிச்சேம்மா. வீட்ல போயிலை இருக்கான்னு கேட்டுருந்துச்சு, ஆமான்னு போட்டேன்" என்றானாம். அவன் சொன்னது பொய்யில்லை. மடியில் தட்டும் தட்டில் தூளுமாக அவன் அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளை. ஆனால் அந்த வீட்டில் புகையிலை போடுகிறவர் ஒருவரும் கிடையாது. "மைனி, நாளைக்கு எவனாவது வந்து இவங்க அப்பா போயிலை போடுதாருன்னு சொல்லிட்டா என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். சர்வேக்காரருக்கு அந்த 'ஆமாம்' ஒரு எண். அது தப்பான எண் என்பது அவருக்குத் தெரியப் போவதில்லை. அதே தாளில் 'அம்மாவின் தொழில்' என்ற இடத்தில் அவன் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தான். பீடி சுற்றும் வீடுகளில் இது சாதாரணம். பள்ளியில் சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறையின் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அதை வாங்க வேண்டிய பிள்ளை சர்வே கணக்கில் இல்லத்தரசியின் பிள்ளையாகிவிடுகிறான். ஆகவே கேள்வித்தாளை முன்கூட்டியே ஊர்ப் பெற்றோர் நாலு பேரிடம் காட்டினால் ஆய்வு செய்கிறவருக்கும் லாபம் உண்டு.

அடுத்தது சம்மதம். "கட்டாயம் கிடையாது, விருப்பம் இருந்தா எழுதுங்க" என்று டீச்சர் சொல்வார். டீச்சர் முன்னால் நின்று சொல்லும் ஒன்றைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படி மறுக்கும்? மற்ற எல்லாரும் பேனாவை எடுத்துவிட்ட பிறகு ஒருத்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? பிள்ளையின் சம்மதத்தோடு பெற்றோரின் சம்மதமும் தேவைப்படுவதற்குக் காரணம் இதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இரண்டையும் கேட்கின்றன. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து மூலமான இசைவும் வேண்டும். உடல்நலம், மனநலம் சார்ந்த ஆய்வுகளுக்கு இது பொருந்தும். 'மாணவர் மன அழுத்தம்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு வரும் ஆய்வுகளுக்கு இதை ஏன் யாரும் நினைவுபடுத்துவதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இது நம் ஊர்ப் பெற்றோருக்கு மட்டும் வரும் கவலை இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நாரிஸ்டவுன் என்ற ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சர்வே எடுக்கத் திட்டமிட்டார்கள். யார் யார் பின்னாளில் போதைக்கு அடிமையாகலாம் என்று முன்னமே கண்டுபிடித்து உதவுவதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் சின்ன வயதில் அப்பா அம்மா கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்துத் தூங்க வைத்தார்களா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். வகுப்பில் யார் யார் நடத்தை ஒரு மாதிரி என்று உடன் படிப்பவர்களைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். பெற்றோருக்கு ஒரு கடிதம் போகும், அதற்குப் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது முதல் திட்டம். ஒரு தாய் நீதிமன்றத்துக்குப் போனார். 1973இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது. பெற்றோருக்கான கடிதம் திட்டத்தின் நல்லதை மட்டும் சொல்லி விற்கப் பார்க்கிறது, அதிலுள்ள ஆபத்தைச் சொல்லவில்லை, எல்லாம் தெரியாமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்பது தீர்ப்பின் சாரம். 'இவன் போதைக்குப் போகக் கூடியவன்' என்று ஒரு பிள்ளைமேல் முத்திரை விழுந்தால் அந்த முத்திரையே அவனை அங்கே கொண்டு போய்ச் சேர்க்கும் என்ற கவலையும் அதில் இருந்தது.

அமெரிக்காவில் 1978இலிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பின்னால் திருத்தி விரிவாக்கியிருக்கிறார்கள். அரசியல் சார்பு, மனநலச் சிக்கல், பாலியல் நடத்தை, சட்டவிரோதச் செயல், குடும்பத்தாரைப் பற்றிய குறை, வக்கீலிடமோ டாக்டரிடமோ சொன்ன ரகசியம், மத நம்பிக்கை, வருமானம் என்ற எட்டும் தொட்டால் சுடும் விஷயங்கள் என்று அது வகுத்திருக்கிறது. அங்கே மத்தியக் கல்வித் துறையின் பணத்தில் நடக்கும் சர்வேயில் இவற்றைப் பற்றி மாணவர் கட்டாயம் பதில் சொல்ல வேண்டியிருந்தால் முன்கூட்டியே பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். மற்ற சர்வேக்களில் பெற்றோருக்கு முன்னறிவிப்பு கொடுத்து விலகிக்கொள்ள வாய்ப்பும் தர வேண்டும். நம் சீமைக்கு ஒரு பட்டியல் எழுதினால் முதல் வரியில் சாதி இருக்கும்.

நம் நாட்டில் பள்ளி சர்வேக்கென்று அப்படித் தனியாக ஒரு சட்டம் இல்லை. பொதுவான பாதுகாப்புகள் இருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். தாளில் வாங்கி அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் சட்டத்துக்குள் வரும். ஆனால் இதை முழுக் கேடயமாக நினைத்துவிடக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகின, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு, புள்ளிவிவரம் ஆகியவற்றுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கும் உண்டு. ஆளை அடையாளம் காட்டாத தரவு சட்டத்துக்குள்ளேயே வராது. 'பேர் எழுதச் சொல்லலையே' என்பவர்கள் ஒதுங்கும் இடம் அதுதான். பேர் இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடியுமானால் அது தனிநபர் தரவுதான். மூன்று பதிலில் ஒரு பிள்ளை யார் என்று தெரிந்துவிடும் என்று மேலே சொன்னதை அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

எமிஸ் பதிவு (பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கும் மாணவர் விவரப் பதிவு), அபார் எண் (மாணவருக்கு நாடு முழுக்கப் பொதுவாகத் தரும் அடையாள எண்) போன்றவை சர்வே இல்லை, பேரோடு இருக்கும் ஆவணங்கள். அபார் எண் உருவாக்கவே பெற்றோர் ஒப்புதல் படிவம் கேட்கிறார்கள். அப்படியிருக்க வீட்டு விஷயத்தை விசாரிக்கும் ஒரு தாளுக்குப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெரிய சுமையாகத் தெரியக் கூடாது.

இவ்வளவு சொன்னதால் சர்வேயே வேண்டாம் என்று ஆகிவிடாது. நம் நாட்டில் பள்ளி செல்லும் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று 2019இல் நடந்த இளையோர் புகையிலை ஆய்விலிருந்துதான் தெரிந்தது. 2022இல் மத்திய அரசின் கல்வி ஆய்வு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நாடு முழுக்க 3.79 லட்சம் மாணவர்களிடம் மனநலம் பற்றிக் கேட்டது. அவர்களில் 81 சதவீதம் பேர் பதற்றத்துக்குக் காரணமாகச் சொன்னது படிப்பையும் தேர்வையும் மதிப்பெண்ணையும்தான். பெற்றோரிடம் கேட்டிருந்தால் நாம் கைப்பேசியைத்தான் சொல்லியிருப்போம். பிள்ளைகளிடமே கேட்டால்தான் தெரியும் சங்கதிகள் இருக்கின்றன. இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் பிள்ளையின் அந்தரங்கத்துக்கு 16ஆவது பிரிவு இருக்கிறது. தன் கருத்தைச் சொல்லும் உரிமைக்கு 12ஆவது பிரிவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோராகிய நமக்குக் கசக்கும் இடம் ஒன்றும் இங்கே இருக்கிறது. அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில், அந்தப் பிள்ளை அதைச் சொல்ல ஒரு தாள்தான் வழியாக இருக்கலாம். பெற்றோர் ஒப்புதல் என்ற பேரில் அந்த அப்பாவின் கையில் பூட்டைக் கொடுத்துவிடக் கூடாது. படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால் திரும்பி வராத படிவங்கள் நிறைய, அவற்றில் பல எந்தப் பிள்ளையின் குரல் முக்கியமாகக் கேட்க வேண்டுமோ அந்த வீட்டினுடையவை. ஆகவே எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: கேள்வித்தாளை முன்கூட்டியே பார்க்கப் பெற்றோருக்கு உரிமை வேண்டும், பிள்ளை எழுதிய பதிலைப் பார்க்க உரிமை கேட்கக் கூடாது. வகுப்பாசிரியரும் பார்க்கக் கூடாது, தலைமையாசிரியரும் பார்க்கக் கூடாது. "என்ன எழுதின, காட்டு" என்று வீட்டில் நாம் மிரட்டினால் அடுத்த முறை பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதும்.

வன்முறை, பாலியல் தொந்தரவு பற்றிக் கேட்கும் சர்வே என்றால் கேட்பவருக்கு இன்னொரு பொறுப்பும் வருகிறது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம். அப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் ஆறு மாதம் கழித்து அட்டவணை போடுவது எந்த விதத்தில் நியாயம்? பேசுவதற்கு ஓர் ஆலோசகர் அன்றைக்கே பள்ளியில் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் தாளின் அடியில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணாவது அச்சாகியிருக்க வேண்டும்.

பெற்றோர் தனியாளாகப் போய் அலுவலக வாசலில் நிற்பதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுவது நல்லது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப்பேர் பெண்கள். யார் எடுக்கும் சர்வே, யார் அனுமதித்தது, கேள்வித்தாள் நகல் எங்கே, சாதியும் வருமானமும் எதற்கு, தாள்களை எப்போது அழிப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானத்தில் எழுத வைக்கலாம். பதில் வராவிட்டால், அரசுப் பள்ளியானால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு இருக்கிறது, 30 நாளில் பதில் தர வேண்டும். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் தலையில் ஏற்கெனவே ஆயிரம் படிவம் கிடக்கிறது. மேலிடத்திலிருந்து வரும் கடிதத்தை மறுக்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு தீர்மானம் இருந்தால் தலைமையாசிரியருக்கே அது கைகொடுக்கும்.

வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்பதையும் முன்னமே முடிவு செய்துவிட வேண்டும். நூலகத்துக்கு அனுப்பினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், 'இவ வீட்ல மட்டும் ஒத்துக்கலையாம்' என்று மறுநாளே பேச்சு வரும். எல்லார் கையிலும் ஒரே தாளைக் கொடுங்கள், விருப்பமில்லாதவர்கள் வெறுமனே மடித்துத் திருப்பிக் கொடுக்கட்டும். மேசையில் அடுக்காமல், ஆய்வாளர் கொண்டுவரும் மூடிய பெட்டியில் ஒவ்வொருவரும் தாமே போடட்டும். அந்தப் பெட்டியைப் பள்ளிக்கு உள்ளே யாரும் திறக்கக் கூடாது.